முத்தாண்டிக்குப்பம் தாண்டினால் வேறு சிம்

வெளிநாடு போனால் சிம் மாற்ற வேண்டும் என்று என் தம்பி செல்வம் சொல்லியிருக்கிறான். அவன் மலேசியாவில் இருக்கிறான், அவனுக்குத் தெரியும். எனக்கோ காடாம்புலியூரில் பஸ் ஏறி முத்தாண்டிக்குப்பம் தாண்டினாலே சிம் மாற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே நெய்வேலி எனக்கு வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்கவில்லை என்பதற்காக அதை உள்நாடு என்று ஒத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

போன பலாச் சீசனில் அந்த வெளிநாட்டுக்கு மூன்று நாள் போய் வந்தேன். போன காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் என் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அங்கே நடந்த தகராறில் எனக்கு இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

நான் பலா மரம் ஏறிப் பழம் இறக்குகிறவன். வியாபாரி மரத்தடிக்கு வரமாட்டார். அவர் பண்ருட்டி மண்டியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். நான் கிளையில் தொங்கிக்கொண்டு வீடியோவில் பழத்தைக் காட்ட வேண்டும். தட்டிக் காட்ட வேண்டும், சத்தம் கேட்டு அவர் தலையாட்ட வேண்டும், அப்புறம்தான் அரிவாள். தோப்பில் ஒரு சிம்மில்தான் நெட் கிடைக்கும். மண்டிக்குப் போனால் அது செத்துவிடும், இன்னொன்று உயிர் பெறும். அதனால் என் போனில் இரண்டு சிம். முதலில் வந்தவளுக்குப் பெரியவள் என்று பெயர், அடுத்து வந்தவளுக்குச் சின்னவள். எனக்கு வயது நாற்பத்திரண்டு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் என் வேலையைக் கேட்டுவிட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் பஸ்ஸைப் பார்ப்பார்கள். இருந்தாலும் போனுக்குள் இரண்டு பேரை வைத்து மாதம் தவறாமல் காப்பாற்றுகிறேன்.

படிப்பு விஷயத்தில் நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்ன அன்று வேலி தாண்டி ஓடிய மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். இங்கிலீஷ் என்றால் படம் பார்ப்பதோடு சரி. போனைத் தமிழுக்கு மாற்றிக்கொள் என்றார்கள். மாற்றினேன். 'இயல்புநிலைத் தரவு' என்று வந்தது. பயந்துபோய் இங்கிலீஷுக்கே திரும்பிவிட்டேன். நெட்டை ஒரு சிம்மிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற எனக்கு எழுத்து தேவையில்லை. மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, ஒரு அழுத்து, மூன்றாவது வரி, இரண்டாவது வட்டம். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கிளையில் தொங்கும்போது கண் வேறு எங்கோ இருக்கும்.

இப்போது காரணம். எங்கள் வீட்டில் நான் மூத்தவன். எனக்கு அடுத்தவள் வசந்தா. கடைசி செல்வம். வசந்தாவை நெய்வேலியில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை பரமசிவம் சுரங்கத்தில் பர்மனென்ட். பர்மனென்ட் என்ற சொல்லை எங்கள் பக்கம் சாமி பெயர் போல மெதுவாகச் சொல்வோம். அவர்களுடைய மகள் யாழினிக்கு ஒன்றரை வயது, காது குத்து வைத்திருந்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எங்கள் பக்கம் இதில் பேச்சே கிடையாது. யாழினிக்குத் தாய்மாமன் இரண்டு பேர். ஒருவனுக்கு மலேசியாவில் லீவு இல்லை. ஆகவே மடி என்னுடையது.

என் மடியில் இதுவரை உட்கார்ந்தது பலாப்பழம் மட்டும்தான். முள் இல்லாத ஒன்று உட்காரப் போகிறது என்று ஒரு மாதமாக நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. புது வேட்டி எடுத்தேன். மரத்தில் ஏறும்போதுகூட மெதுவாக ஏறினேன், மடிக்குச் சேதாரம் ஆகிவிடக் கூடாதென்று.

முதல் நாள் மூன்று பழத்தைக் கோணியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் கோணியைப் பார்த்து யாருடையது என்றார். என்னோடு வருகிறார்கள் என்றேன். அப்படியானால் மூன்று பேருக்கும் டிக்கெட் எடு என்றார். ஒரு பெரிய சுளையாக உரித்துத் தருகிறேன் என்று பேரம் பேசினேன். பஸ்ஸுக்குள் பழம் உரித்தால் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்துவிடுவார் என்றார். லக்கேஜ் போட்டார்.

வசந்தா இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்து வீடு மாறியிருந்தாள். வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். எந்த ப்ளாக் என்பதை வாய்ஸ் மெசேஜில் அனுப்பியிருந்தாள். அதைக் கேட்கலாம் என்று போனை எடுத்தபோது முத்தாண்டிக்குப்பம் தாண்டியிருந்தது. பெரியவள் மூச்சு விடவில்லை. சின்னவளுக்கு மாற்றலாம் என்று இழுத்தால் விரல் முழுக்கப் பலாப் பால். போன் என்னை மனிதனாகவே மதிக்கவில்லை. நான் தேய்க்கிறேன், அது சும்மா இருக்கிறது. பக்கத்து சீட்டில் ஒருவர் மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய் டின்னோடு உட்கார்ந்திருந்தார். என் அவஸ்தையைப் பார்த்து, மூடியைத் திறந்து ஒரு சொட்டு விட்டார். "எண்ண போட்டாதாங்க அது போவும்" என்றார். பால் போனது. ஆனால் எண்ணெய் விரலுக்கும் போன் மசியவில்லை. வேட்டியில் துடைத்து, இழுத்து, அழுத்தி, மூன்றாவது வரி, இரண்டாவது வட்டம் போவதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் பின்னால் போய்விட்டது.

இறங்கிய இடத்திலிருந்து நடந்தேன். எங்கள் ஊரில் மரம் தனக்குப் பிடித்த இடத்தில் நிற்கும். நெய்வேலியில் மரமெல்லாம் டியூட்டியில் நிற்கிறது, வரிசை தப்பாமல். வீடும் அப்படியே. ஒரு வீட்டைப் பார்த்தால் நூறு வீட்டைப் பார்த்த மாதிரி. வழியில் ஒருவரை நிறுத்தி வழி கேட்டால் அவர் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, எந்த ப்ளாக் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றதும், அப்பா பெயர் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சின்னவளும் உடனே வேலைக்கு வரவில்லை. மெசேஜ் சுற்றிக்கொண்டே இருந்தது. நம்பரைப் பார்த்ததும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். திறந்தது நாகர்கோவில் பக்கத்து அம்மா. உள்ளே சுவரில் சிலுவை, அடுப்பில் மீன் வாசனை. கோணியைப் பார்த்துவிட்டு, நான் எதையோ விற்க வந்தவன் என்று முடிவு செய்து வேண்டாம் என்றார். தங்கச்சி வீடு தேடி வந்திருக்கிறேன் என்றதும் சிரித்தார். இந்த நம்பர் ப்ளாக்குக்கு ஒன்று இருக்கிறது, மதியத்துக்குள் எல்லாவற்றையும் தட்டி முடிக்க முடியாது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். தேங்காய் அரைத்த மீன் குழம்பு. எங்கள் வீட்டுக் குழம்பு நாக்கை அடிக்கும், இது தடவிக் கொடுத்தது. எந்தக் குழம்பு உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். காடாம்புலியூரில் குடியிருக்க வேண்டியவன் நான். கிளம்பும்போது ஒரு பழத்தை இறக்கி வைத்தேன். நான் கை கழுவும்போது சின்னவள் கண் திறந்தாள். வசந்தாவின் குரல் வந்தது. ஆறு ப்ளாக் தள்ளி.

வசந்தா வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் யாழினி. கையை நீட்டினேன். பிள்ளை என்னைப் பார்த்து வீறிட்டது. மீசையைக் கண்டு பயம் என்று நினைத்தேன். உள்ளே போனதும் வசந்தா சமாதானம் செய்ய, "மாமா எங்க? மாமா காட்டு" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பிள்ளை திரும்பி, சார்ஜில் கிடந்த போனைக் காட்டியது. அப்புறம் அதை எடுத்து முத்தம் வேறு கொடுத்தது.

செல்வம் தினமும் வீடியோவில் வருவானாம். அங்கே வைஃபை இருக்கிறது. நான் இருபது கிலோமீட்டரில் இருந்துகொண்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழத்தோடு வருகிறவன். பிள்ளை கணக்கில் நான் பழத்தோடு வரும் ஆள், மாமா போனுக்குள் இருக்கும் ஆள். ஒன்றரை வயதுப் பிள்ளையோடு வழக்குப் பேச முடியுமா? பேசினேன். அழுதது. விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் மாப்பிள்ளை முதல் ஷிஃப்ட் முடித்து வந்தார். குளித்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு ஆளை வேலைக்கு எடுப்பவர் போல என் போனைக் கேட்டார். என்ன சிம் என்றார். சொன்னேன். பெரியவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சின்னவள் பெயரைக் கேட்டதும், "இந்த சிம்மையெல்லாம் இன்னும் ஆளுங்க வச்சிருக்காங்களா மச்சான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. யார் வீட்டுப் பெண்ணையும் அப்படிக் கேட்கலாமா?

சாயங்காலம் மண்டபத்துக்கு அழைத்துப் போனார். மறுநாள் விழா நடக்க வேண்டிய இடம். போட்டோக்காரர் பாபு முன்பே வந்திருந்தார். செல்வம் விழா முழுக்க வீடியோவில் இருக்க வேண்டும், அதற்கு மேடையில் நெட் எங்கே கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. மூன்று பேரும் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றினோம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் எங்களுக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளையின் சிம் வாசல்படியில் நன்றாக இருந்தது, பந்தி நடக்கும் இடத்தில் முனகியது, மேடையில் இல்லை. பாபுவுடையதும் அப்படியே. பெரியவள் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தாள். கடைசியாகச் சின்னவளுக்கு மாற்றினேன். மேடை நடுவில், பிள்ளையை மடியில் வைத்து உட்காரும் அதே நாற்காலிக்குப் பக்கத்தில், நெட் பிய்த்துக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை என் போனையே பார்த்தார். நான் சின்னவள் சார்பில் தலை நிமிர்ந்து நின்றேன்.

போனை அவரிடம் கொடுத்துவிட்டு நான் சும்மா உட்கார வேண்டும் என்றார் முதலில். கொடுக்க மாட்டேன் என்றேன். கோடு போட்டுத் திறக்கும் பூட்டு, அந்தக் கோடு எனக்கு மட்டும்தான் தெரியும், தவிர மரத்தில் தொங்கினாலும் அதை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. சரி, உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பாபுவின் டேப்புக்குக் கொடுங்கள் என்றார். டேப் என்றால் சிலேட்டு அளவு போன். அதில் செல்வத்தின் முகம் பெரிதாகத் தெரியும். இதுவரை எனக்குச் சம்மதம்தான். தம்பி பார்க்கட்டும். தோடு அவன் வாங்கியது, மண்டபம் அவன் பிடித்தது, ஆல்பமும் அவன் செலவு.

பிறகுதான் பாபு அந்த யோசனையைச் சொன்னார். என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். மடியில் பிள்ளைக்குப் பதிலாக ஒரு தலையணை. டேப்பை என் கையில் கொடுத்து, உயர்த்தச் சொன்னார். இன்னும் கொஞ்சம் மேலே என்றார். நான் உயர்த்தினேன். என் முகத்துக்கு நேராக வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

"சூப்பர்ங்க. அப்படியே இருங்க" என்றார்.

எனக்கு டேப்பின் கறுப்பு முதுகு மட்டும் தெரிந்தது. எதுக்கு இது என்று அதன் பின்னாலிருந்து கேட்டேன்.

பதில் மாப்பிள்ளையிடமிருந்து வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். மடி உங்களுதுதான். மூஞ்சி மட்டும் செல்வத்துது. ஆல்பத்துல அவன் மடியில புள்ள உக்காந்த மாதிரியே வரும்."

"என் மூஞ்சி எங்க போவும் மாப்ள?"

"அது பின்னாடி இருக்கும்."

இருக்குமாம். நாற்பத்திரண்டு வருடமாக நான் வைத்துக் காப்பாற்றிய முகம், பெரிய அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன், ஒரு முறை கிளை அடித்து மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கிறது, ஆனால் பின்னால் வைக்க அது என்ன ஸ்டெப்னியா?

டேப்பைப் பாபு கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்ததும் செல்வமே வீடியோவில் வந்தான். பிள்ளை ஓடிப்போய்த் திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டது. அதன் காதுக்கு மேலே தெரிந்த அரை முகத்தோடு தம்பி பேசினான்.

"ண்ணா, கோச்சிகினியா?"

இல்லை என்றேன். பொய்.

"அஞ்சு வருசமா பணம் மட்டும்தாண்ணா வந்துகினு இருக்குது. நான் வரல. அந்தப் புள்ளைக்கு நான் யாரு, பேங்கா? ஒரு போட்டோவுலயாவது மாமனா குந்திக்கிறேன்."

அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு இளகியதை மறைக்கவில்லை. இந்தப் பயலை நான் தோளில் சுமந்திருக்கிறேன். அவன் அங்கே என்ன சாப்பிடுகிறான், எங்கே படுக்கிறான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை; கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம். சரிடா என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனேன். வசந்தா பின்னாலேயே வந்தாள்.

"ஒரு நாளு விட்டுக் குடுண்ணா. அஞ்சு வருசமா வரல அவன். ஆல்பத்துலயாவது இருக்கட்டுமே."

"அஞ்சு வருசமா நான் இங்கதான் இருக்கறேன். அதுக்கு ஆல்பம் இல்லியா?"

அவள் குழாயைத் திறந்து சும்மா கையைக் கழுவினாள்.

மூன்றாம் நாள் விழா. புது வேட்டி, புதுச் சட்டை. காலைப் பந்தியில் இட்லி, பொங்கல், வடை, கூடவே ஒரு ரொட்டியும் குருமாவும். ஊரில் எந்த விசேஷத்திலும் யாரும் எனக்கு இலை போட்டதும் யார் என்று கேட்டதில்லை. இங்கே பரிமாறியவர் கேட்டார். நான் தாய்மாமன் என்றேன். "மலேசியாவிலேர்ந்து எப்ப வந்தீங்க" என்றார். இன்னொரு வடை வைக்கச் சொன்னேன்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆசாரி சம்மணம் போட்டு ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலிருந்து ஒரு இழுப்பு, ஒரு அழுத்து, மூன்றாவது வரி, இரண்டாவது வட்டம். சின்னவள் வந்தாள். ஹாட்ஸ்பாட் போட்டேன். டேப்பில் செல்வம் வந்தான், பட்டுச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு வைத்து, பின்னால் ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிட்டு. மண்டபத்தில் கை தட்டினார்கள். எனக்கு யாரும் தட்டவில்லை. தட்டுகிற மாதிரி நானும் எதுவும் செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

வசந்தா பிள்ளையை என் மடியில் இறக்கினாள். அழப் போகிறது என்று உடம்பு முழுக்க விறைத்துக் காத்திருந்தேன். அழவில்லை. திரையில் மாமா இருந்தான், அதனால் நாற்காலியைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆனால் எடை என் தொடையில்தான் இறங்கியது. சூடாக, கொஞ்சம் சாய்ந்து, ஒரு காலை ஆட்டிக்கொண்டு. பாபு விரலை உயர்த்தினார். டேப்பை உயர்த்தினேன். உலகம் கறுத்தது.

இடது கையில் டேப். வலது கையில், பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், என் போன். டேப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் கேட்கும், எதுவும் தெரியாது. ஒரு கிழவர் "செல்வம் நல்லா நெறமாயிட்டான்" என்றார். ஒரு பெண், கீழே இருப்பது யார் என்று கேட்டாள். இன்னொருத்தி, யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

யாரோ.

என் கட்டைவிரல் இழுத்தது. அழுத்தியது. மூன்றாவது வரி. முதல் வட்டம். செத்துப்போன பெரியவளுக்கு நெட்டை மாற்றினேன்.

திரை அணைந்துவிடும், பாபு டேப்பை வாங்கிக்கொள்வார், என் முகம் வெளியே வரும் என்றுதான் திட்டம். மூன்றாம் வகுப்புத் திட்டம். திரை அணையவில்லை. செல்வம் வாய் பாதி திறந்து, ஒரு கண் பாதி மூடி, அப்படியே உறைந்து நின்றான். பாபுவுக்கு ஆனந்தம். "இப்பதான் ஆடாம இருக்கு. கலைச்சிடாதீங்க" என்று சொல்லிப் படபடவென்று எடுத்தார். நெட்டை நிறுத்தியும் தம்பி என் தலைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தான், முன்பைவிட உறுதியாக.

அப்போதுதான் விரல் வேலை போதாது என்று தெரிந்தது. கையைக் கீழே இறக்கினேன். டேப்பைப் பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தேன். வெளிச்சம் கண்ணில் அடித்தது. எதிரே மண்டபம் முழுக்க முகங்கள். கிளை அடித்த மூக்கை எல்லாரும் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை மேடை ஓரத்திலிருந்து வந்தார். "சிக்னல் போச்சா மச்சான்?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சிக்னலை யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். எத்தனை தடவை மரத்திலிருந்து வியாபாரியிடம் அதையே சொல்லிவிட்டு நிழலில் தூங்கியிருக்கிறேன். ஆனால் மடியில் பிள்ளை இருந்தது.

"சிக்னல் நல்லாத்தான் இருக்குது மாப்ள. நாந்தான் சிம்ம மாத்துனேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்கள் கோபம் வந்தால் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. "அறிவோடதான் செய்றீங்களா? செலவு பண்ணவன் அவன்."

"பண்ணான். நான் வந்துருக்கறேன். எம் பக்கத்துல குந்தட்டும், நான் வேணாங்கல. எம் மூஞ்சி மேல குந்தக் கூடாது."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, சபையில் என்ன தகராறு என்றார். பாபு கேமராவின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கோ பார்த்தார். நான் தொடையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிள்ளைக்கு அது தாலாட்டு மாதிரி இருந்திருக்க வேண்டும், பேசாமல் உட்கார்ந்திருந்தது. எழுந்து போங்கள் என்று சொன்னால் போக மாட்டேன், நாற்காலியோடு தூக்கினால் தூக்கட்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

ஆசாரிதான் பேசினார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேரம் போய்கினு இருக்குது. மூஞ்சிய அப்புறம் பேசிக்குங்க. எனக்குக் காது போதும்."

வசந்தா மேடை ஏறி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எனக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்து, டேப்பை எடுத்துத் தன் மடியில் நிற்க வைத்துக்கொண்டாள். "மாத்துண்ணா" என்றாள்.

மாற்றினேன். முதல் தடவை விரல் தப்பி டார்ச் எரிந்தது. மண்டபம் சிரித்தது. இரண்டாம் தடவை மூன்றாவது வரி, இரண்டாவது வட்டம். சின்னவள் என்னைக் கைவிடவில்லை. செல்வத்தின் மூடிய கண் திறந்தது.

"ண்ணா, கட் ஆயிடிச்சா?"

"ஆவல. நான் பண்ணேன்."

அவன் பார்த்தான். நான் பக்கத்தில் இருந்தேன், முகத்தோடு. அவன் நெடுநேரம் பேசவில்லை. மறுபடி உறைந்துவிட்டானோ என்று போனைப் பார்த்தேன். நெட் ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தது தம்பிதான்.

"கெட்டியா புடிச்சிக்கோ" என்றான் கடைசியில். "தலய ஆட்டப் போறா."

ஆட்டினாள். ஆசாரி காதைத் தொட்டதும் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது. திரையைப் பார்த்து மாமா மாமா என்று கத்தினாள். திரையில் மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊசியைப் பார்க்க முடியாதவன், சின்ன வயதிலிருந்தே. எனக்குத் திரும்ப வழியில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டு, ஒரு கையால் நெற்றியை நெஞ்சோடு அழுத்தி, ஒரு கையால் இரண்டு கையையும் பிடித்து, முழங்காலால் காலை அடக்கி, பலாப்பழம் இறக்குவதைவிட நூறு மடங்கு பயந்து உட்கார்ந்திருந்தேன். ஊசி இறங்கியபோது என் கட்டைவிரலைக் கடித்தாள். ஒன்றரை வயதுக்கு அவ்வளவு பல் எதற்கென்று தெரியவில்லை. அதுவும் சிம் மாற்றுகிற விரல்.

வலது காது முடிந்தது. தோடு ஏறியது. பிள்ளை மூச்சு வாங்க அழுதுகொண்டே என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அப்போது தொடையில் சூடாகப் பரவியது. முதலில் புரியவில்லை. பிறகு புது வேட்டி ஓரத்திலிருந்து மேடைப் பலகையில் சொட்டு விழுந்தது.

முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாபு கேமராவைத் தாழ்த்தினார். மாப்பிள்ளை உள்ளே போய் மடித்த வேட்டி ஒன்றோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"மாத்திக்குங்க மச்சான். இன்னொரு காது இருக்கு. போட்டோவுல ஈரம் தெரியும்."

பிள்ளையைச் சரியாக நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டேன்.

"தெரியட்டும் மாப்ள."